புள்ளிராஜாவுக்கு வயசாகிவிட்டது

புள்ளிராஜாவை ஞாபகம் இருக்கிறதா?

2000-களின் தொடக்கத்தில் எங்கே திரும்பினாலும் ஒரே கேள்விதான். சுவரில், பஸ் ஸ்டாப்பில், டி.வி.யில். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' யார் இந்த ஆள், எந்த ஊர் என்று தமிழ்நாடே மண்டையைக் குடைந்துகொண்டது. பாவம், ராஜா என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள்!

அந்த விளம்பரம் தன் வேலையைச் செய்தது. பஸ்ஸில் பேசக்கூடாத விஷயத்தை பஸ்ஸிலேயே பேச வைத்தது. ஆனால், அடுத்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. வந்துவிட்டால் அப்புறம்? கேட்கத் தேவையில்லை, பதில் தெரியும் என்றே எல்லோரும் நினைத்தோம். செத்துப்போவான். கதை முடிந்தது.

கதை முடியவில்லை. புள்ளிராஜா சாகவில்லை. அவருக்கு வயசாகிவிட்டது. இப்போது அவருக்கு சுகர் இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூட்டு வலிக்கிறது. ஒரு கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது. இதற்கெல்லாம் என்ன செய்வது என்று நம்மிடம் ஒரு விளம்பரமும் இல்லை, ஒழுங்கான ஏற்பாடும் இல்லை.

சமீபத்தில் அப்படி ஒருவரைச் சந்தித்தேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஒரு கோடியில், ஊத்தங்கரையைத் தாண்டி இருக்கிறது சிங்காரப்பேட்டை. ஓசூர் ஒரு மூலை என்றால் இது எதிர் மூலை. கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில், மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே போனால் வரும். அவருடைய பெயரோ தெருவோ இங்கே வராது. அறுபதை நெருங்கும் வயது. ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். ஓசூர், பெங்களூர், பம்பாய் என்று சுற்றியவர். இந்தத் தகவலை வைத்து அந்தப் பக்கத்தில் ஆளைத் தேடினால் ஊருக்கு ஐம்பது பேர் கிடைப்பார்கள். அதனால் பயமில்லை.

டீக்கடைக்கு வெளியே, புளியமரத்தடியில் நின்றுகொண்டுதான் பேசினார். வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

''வீட்ல ரெண்டு மாத்திரை இருக்குது சார். ஒண்ணு டி.வி. பெட்டி மேலயே இருக்கும், யார் வேணா பாக்கலாம். இன்னொண்ணு டிரங்குப் பெட்டிக்குள்ள, வேட்டிக்கு அடியில இருக்கும். டப்பாவையும் மாத்திடுவேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்.''

டி.வி. மேலே இருப்பது சுகர், பிரஷர் மாத்திரைகள். அவற்றை மாதாமாதம் ஒரு பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். 'மக்களைத் தேடி மருத்துவம்'. வேட்டிக்கு அடியில் இருப்பது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து. அதற்கு அவர் பஸ் ஏற வேண்டும். மாவட்டத் தலைநகருக்குப் போனால் தெரிந்த முகம் யாராவது இருந்துவிடும் என்று, வேறு மாவட்டத்தில் பதிவு செய்துகொண்டிருக்கிறார். போகவர ஒரு முழு நாள்.

ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே சிறுநீரகம். அதற்கு ஒரு மருத்துவம் டி.வி. மேலே, இன்னொரு மருத்துவம் பெட்டிக்குள். ஒன்றைப் பற்றி மற்றொன்றுக்குத் தெரியாது. இந்த வாரம் எனக்கு இருக்கும் சண்டை இதனோடுதான்.

*

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தியைப் பலர் நம்பவில்லை. 'நம்ம ஊரிலா? இருக்கவே இருக்காது' என்றார்கள். அதற்கப்புறம் வந்த வருஷங்களில், மற்ற இடங்களில் கதவு சாத்தப்பட்டவர்கள் தாம்பரம் சானடோரியத்துக்குப் போனார்கள். பல பேர் சாகத்தான் போனார்கள். மருந்து இருந்தது, ஆனால் ஒரு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். லாரி டிரைவர் லாரியையே விற்றாலும் கட்டுப்படியாகாது. அதுவும் முதலாளியின் லாரி.

2001 பிப்ரவரியில் நம் ஊர் சிப்லா கம்பெனி, மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்போதும் நம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்க 2004 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முட்டாள்கள் தினத்தில் ஆரம்பித்தாலும் அது புத்திசாலித்தனமான காரியம். அதனால் இன்றைக்கு உயிரோடு இருப்பவர்கள் பல லட்சம். இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர் என்பது அரசின் மதிப்பீடு. 2004-ல் முப்பது, முப்பத்தைந்து வயதில் மாத்திரையை ஆரம்பித்தவர்கள் இன்றைக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள்.

ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழலாம். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றுவிட்டால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவவும் பரவாது. ஆராய்ச்சிகளில் உறுதியான விஷயம் இது. சுவர் விளம்பரத்தில் மண்டை ஓடு வரைந்த நாம், இதை ஒரு சுவரிலாவது எழுதினோமா? சினிமாவிலும் அதே கதைதான். 'மிருகம்' படத்தில் நோய் வந்தவன் உருக்குலைந்து செத்தால்தான் கதை முடிகிறது. மூட்டுவலியோடு பேரனுக்கு ஸ்கூல் பை தூக்கிப் போகிற எச்.ஐ.வி. தாத்தாவை எந்தப் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

*

சரி, டி.வி.க்கும் பெட்டிக்கும் வருவோம். இரண்டு மாத்திரையும் ஒன்றை ஒன்று தெரியாமல் இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

நம் பெரியவருக்குப் பாதம் எரிகிறது. ராத்திரி தூக்கமில்லை. சுகர் பார்க்கிற டாக்டரிடம் சொல்கிறார். டாக்டர் என்ன நினைப்பார்? சுகரால் நரம்பு கெட்டிருக்கிறது என்று நினைப்பார். நியாயம்தான். ஆனால், 2004-ல் அரசு கொடுத்த முதல் கூட்டு மருந்துகளில் ஸ்டாவுடின் என்று ஒன்று இருந்தது. உயிரைக் காப்பாற்றியது. அதோடு பல பேருக்குக் கன்னத்தை ஒட்ட வைத்தது, பாத நரம்பையும் கெடுத்தது. அதைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2009-ல் அறிவுறுத்தியது. மாத்திரை போய்விட்டது, சிலருக்கு எரிச்சல் மட்டும் தங்கிவிட்டது. இவருடைய எரிச்சல் சுகரால் வந்ததா, பழைய மாத்திரையால் வந்ததா, வைரஸாலேயே வந்ததா? பெட்டிக்குள் இருப்பதைப் பற்றித் தெரியாத டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

'சுகர் கட்டுப்படவில்லை' என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகருக்கு நம் ஊரில் ஏழை பணக்காரன் எல்லோருக்கும் முதலில் கொடுப்பது மெட்ஃபார்மின். எச்.ஐ.வி.க்கு இன்றைக்குப் பரவலாகக் கொடுக்கிற ஒற்றை மாத்திரையில் டொலுடெக்ராவிர் இருக்கிறது. நல்ல மருந்துதான். ஆனால், அது உடம்பில் மெட்ஃபார்மினின் அளவை ஏற்றிவிடும். அதனால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு மெட்ஃபார்மினைப் பொதுவாக ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் தராதீர்கள் என்பது எச்சரிக்கை. அதே ஒற்றை மாத்திரையில் இருக்கும் இன்னொரு மருந்தான டெனோஃபோவிர், சிலருக்குச் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மெட்ஃபார்மின் கூடினால் ஆபத்து. 'எலும்பு தேயுது, கால்சியம் சாப்பிடுங்க' என்று இன்னொருவர் எழுதிக் கொடுப்பார். கால்சியம், இரும்புச்சத்து, வயிற்றெரிச்சல் மாத்திரை இதையெல்லாம் நேரம் தவறிச் சாப்பிட்டால் டொலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது.

யாரும் தப்பு செய்யவில்லை, கவனியுங்கள். சுகர் டாக்டர் சரியாகத்தான் எழுதினார். தன்னார்வலர் சரியாகத்தான் கொண்டுவந்து கொடுத்தார். கூட்டு மருந்து மையம் சரியாகத்தான் மாத்திரை கொடுத்தது. பெரியவரும் இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டார். எல்லோரும் சரியாக இருந்தும் ஆளுக்கு ஆபத்து.

(இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள்.)

'அப்போ அந்த ஆள் டாக்டரிடம் உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?' என்பீர்கள். நானும் கேட்டேன்.

2005-ல் சொத்தைப் பல் பிடுங்க ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். 'டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது' என்று கவுன்சிலிங்கில் சொல்லியிருந்ததை நம்பி, உண்மையைச் சொன்னார். பல்லைப் பிடுங்கவில்லை. ஆளைப் பிடுங்கி வெளியே போட்டார்கள். காத்திருந்தவர்கள் காதில் விழுகிற மாதிரி, நர்ஸ் நாற்காலியைத் துடைக்கச் சொன்னாராம்.

''அன்னிக்கு மூடுன வாய் சார். மனுஷன் ஒரு தடவதான் ஏமாறலாம்.''

இருபது வருஷமாக மூடியிருக்கும் வாயை, 'சொல்லித் தொலை' என்று நாம் திறக்க முடியாது.

*

இப்போது குட்டு வைக்க வேண்டிய இடங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி எங்கே தொடங்கியது தெரியுமா? இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சூளகிரி பக்கம் சாமனப்பள்ளி கிராமத்தில். சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. படுக்கையில் கிடப்பவருக்குப் பிசியோதெரபி வருகிறது. ஐ.நா. அமைப்பு 2024-ல் விருதே கொடுத்தது. நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால், எச்.ஐ.வி.யோடு வயசாகும் ஒருவரை மனதில் வைத்துப் பார்த்தால் அதன் பலமே பலவீனம் ஆகிறது. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அந்தப் பகுதிப் பெண்தான். உரிமையாக உள்ளே வந்து, 'பெரியப்பா, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?' என்று கேட்பார். சுகருக்கு அதைவிட நல்ல ஏற்பாடு வேண்டாம். ஆனால், அந்தப் பெண்ணின் பையில் எச்.ஐ.வி. மாத்திரையையும் சேர்த்துவிடலாம் என்று ஒரு அதிகாரி நினைத்தால், மறுநாளே பெரியவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். தேடி வருகிற மருத்துவம் எல்லா நோயையும் தேடி வரக்கூடாது.

ஆகவே, போக வேண்டிய திசை அதற்கு நேர் எதிர். பெட்டிக்குள் இருக்கும் மாத்திரையை டி.வி. மேலே கொண்டுவர முடியாது. டி.வி. மேலே இருப்பதை, ரகசியம் ஏற்கெனவே தெரிந்த இடத்துக்குக் கொண்டுபோகலாம். கூட்டு மருந்து மையத்தில் இருக்கும் டாக்டருக்குத்தான் இவருடைய முழுக் கதையும் தெரியும். அங்கே பிரஷர், சுகர், கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும் என்று 2021-ம் வருஷத்து தேசிய வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. சரி, பார்த்துக் கண்டுபிடித்த பிறகு? நம் பெரியவரின் அனுபவம், 'அந்த ஓ.பி.க்குப் போங்க' என்பதுதான். இன்னொரு சீட்டு, இன்னொரு வரிசை. அங்கே இருக்கும் டாக்டர், 'உங்களை எதுக்கு அனுப்பினாங்க?' என்று கேட்பார். மறுபடியும் பல் பிடுங்கிய கதை. இவர் போகவில்லை. நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார்.

அதே ஜன்னலில், அதே கையால், சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் கொடுப்பதில் என்ன கஷ்டம்? எச்.ஐ.வி. மாத்திரை ஒரு இலாகா, சுகர் மாத்திரை வேறு இலாகா. ஒன்றுக்குப் பணம் டெல்லியிலிருந்து, மற்றதற்கு வேறு வழியில். கோப்புகள் சந்திப்பதில்லை. கோப்புகள் சந்திக்காததால் மாத்திரைகள் வயிற்றுக்குள் போய்ச் சந்திக்கின்றன.

இதயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸ் அடங்கி இருந்தாலும் உடம்புக்குள் ஓர் அழற்சி கனன்றுகொண்டே இருக்கிறது. அதனால் மாரடைப்பு ஆபத்து அதிகம். 12 நாடுகளில், சுமார் 7,800 பேரிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. இந்தியாவும் அதில் ஒன்று. எல்லோரும் 40 முதல் 75 வயதுக்குள் இருந்த எச்.ஐ.வி.காரர்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரை ஒன்றைத் தினமும் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவிகிதம் குறைந்தன என்று 2023-ல் முடிவு வந்தது. ஸ்டாடின் ஒன்றும் நிலாவிலிருந்து வருவதில்லை. நம் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற வகைதான். ஆனால், எந்த ஸ்டாடினை எந்தக் கூட்டு மருந்தோடு தரலாம், எதைத் தரக்கூடாது என்று பார்த்துத்தான் தர வேண்டும். மறுபடியும் அதே பிரச்னை. இரண்டையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும்.

*

அடுத்த குட்டு சட்டத்துக்கு. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்தது. அந்தப் பல் டாக்டர் செய்தது இன்றைக்குச் சட்டம் தடைசெய்யும் பாகுபாடு. ஓசூர் ஃபேக்டரி எதுவும் வேலைக்குச் சேர எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்கக்கூடாது. சம்மதம் இல்லாமல் ஒருவரின் நிலையை வெளியே சொல்லக்கூடாது. எல்லாம் சரி. ஆனால், சிகிச்சை என்ற இடத்துக்கு வந்தவுடன் சட்டத்துக்குக் குரல் கம்மிவிடுகிறது. பரிசோதனை வசதி, கூட்டு மருந்து, சந்தர்ப்பவாதத் தொற்றுகளுக்கான சிகிச்சை, இவற்றை அரசு 'இயன்ற வரையில்' தர வேண்டும் என்கிறது 14-வது பிரிவு. இயன்ற வரையில்! வீட்டு வாடகையை 'இயன்ற வரையில்' தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் ஓனர் விடுவாரா?

அதைவிட எனக்கு உறுத்துவது அந்தப் பட்டியல். சந்தர்ப்பவாதத் தொற்று என்பது எதிர்ப்பு சக்தி விழுந்தபின் வருகிற காசநோய், நிமோனியா போன்றவை. அதாவது 1990-களில் எய்ட்ஸ் நோயாளி எதனால் செத்தாரோ அது. இதயம், சிறுநீரகம், எலும்பு, புற்றுநோய் எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் எழுதியவர்கள் கண்முன்னாலும் சாகப்போகிற இளைஞன்தான் இருந்திருக்கிறான். பிழைத்து வயசானவன் இல்லை.

புள்ளிராஜாவின் மனைவியும் இல்லை. இந்த ஊர்களில் எச்.ஐ.வி.யோடு வயசாகும் பெண்களில் பெரும்பாலோர் தாலி கட்டியவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். அவன் அப்போதே போய்ச் சேர்ந்தான். இவள் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, இன்றைக்கு ஐம்பது வயதில் தனியாக நிற்கிறாள். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து ஆறு மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கான பரிசோதனை சில நிமிட வேலை. ஆனால், இன்னொரு நாள் கூலியை விட்டு, இன்னொரு வரிசையில் நின்று, இன்னொருவரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றால் அவள் போவாளா?

*

'அவனவன் செய்த வினைக்கு நாம் என்ன செய்வது?' என்று சிலர் எழுதுவீர்கள். எழுதுங்கள். சுகர் வந்தவரிடம், 'எத்தனை தட்டு பிரியாணி சாப்பிட்டீங்க?' என்று கேட்டுவிட்டா ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கிறோம்? மாரடைப்பு வந்தவரின் சிகரெட் கணக்கைப் பார்த்துவிட்டா ஆம்புலன்ஸ் கிளம்புகிறது?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கூட்டு மருந்து மையத்திலேயே சுகர், பிரஷர், கொழுப்பு மாத்திரைகள். எச்.ஐ.வி. மாத்திரையைப் பல மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பது 2020 கொரோனா காலத்தில் பரவலானது. இவற்றையும் அதே கணக்கில் கொடுத்தால் ஒரே பஸ் பயணத்தில் முடியும். பெண்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அங்கேயே, அதே நாளில். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், ஒரு நோயாளியை மட்டுமல்ல, எல்லோரையும் தனியாக உட்கார வைத்து, 'வேற எந்த மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லுங்க, வெளிய போகாது' என்று கேட்கிற வழக்கம். எல்லோரிடமும் கேட்டால் யாரையும் அடையாளம் காட்டாது.

கிளம்பும்போது பெரியவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். ''இத்தனை வருஷம் தாண்டி வந்துட்டீங்க. இப்ப எதுக்குப் பயம்?''

''சாவுக்கு இல்ல சார். அது எப்பவோ பாத்தாச்சு. கை கால் விழுந்து படுத்துட்டா, பெட்டியத் தொறந்து அந்த மாத்திரைய எடுத்துக் குடுக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள்கிட்ட அன்னிக்குச் சொல்லித்தான ஆவணும்? யார்கிட்ட சொல்றதுன்னுதான் யோசிச்சுட்டு இருக்கேன்.''

பஸ் வந்துவிட்டது. கையில் துணிப்பை. அதற்குள் காலி ஹார்லிக்ஸ் பாட்டில். மாத்திரை வாங்கப் போகிற நாள் அது.